நூற்பாலையில் யூனிட் எகிறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நூற்பாலையின் செலவுக் கணக்கில் பஞ்சுக்கு அடுத்த பெரிய தொகைகளில் ஒன்று கரண்ட் பில். அது கூடியதும் பல இடங்களில் முதலில் நடப்பது ஏதாவது ஒரு பொருளை வாங்குவது: புது மோட்டார், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி., இல்லையென்றால் ‘பவர் சேவர்’ என்று யாரோ விற்கும் ஒரு பெட்டி. எங்கே கூடியது என்று அளக்காமல் வாங்கியது எதுவும் கூடியதைக் குறைக்காது. கீழே உள்ளவை கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து ரிங் ஸ்பின்னிங் ஆலைகளை மனதில் வைத்து எழுதியவை. கம்ப்ரசர், கெப்பாசிட்டர், மோட்டார் பற்றிய பகுதிகள் மற்ற தொழிற்சாலைகளுக்கும் அப்படியே பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: கிலோவாட்டும் பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மொத்தக் கே.வி.ஏ.வில் உண்மையான வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு) காட்டும் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி அளக்கும் மீட்டர்), சுழற்சி வேகம் பார்க்க டேக்கோமீட்டர், ஸ்டாப் வாட்ச், சோப்புத் தண்ணீர். ஆம்பியர் மட்டும் காட்டும் டெஸ்டர் போதாது. லோடு குறைந்த மோட்டாரில் ஆம்பியர் பாதிக்கு மேல் நிற்கும், ஆனால் கிலோவாட் கால்வாசிதான் இருக்கும். அதை நம்பினால் கணக்கு முழுக்கத் தப்பும்.

“பில் தொகை கூடியிருக்கு, யூனிட் கூடலை”

இது இயந்திரக் கோளாறு அல்ல. பில்லை வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள். உயர் அழுத்த இணைப்பில் டிமாண்ட் (ஒரு நேரத்தில் இழுக்கும் கே.வி.ஏ. சுமை) கட்டணம், யூனிட் கட்டணம், உச்ச நேரக் கூடுதல், பவர் ஃபேக்டர் அபராதம் எல்லாம் தனித்தனி வரிகள். ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், அல்லது பதிவான டிமாண்ட், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் டிமாண்ட் கட்டணம். பாதி மெஷின் நின்ற மாதத்திலும் இந்த வரி குறையாது. உச்ச நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் என்பதால், பேல் பிரஸ், கழிவுப் பஞ்சு மெஷின், தண்ணீர் ஏற்றும் பம்ப் போன்ற தள்ளிப்போடக்கூடிய வேலைகள் காலையும் மாலையும் அந்த நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் நேரத்தை மாற்றினாலே போதும், ஒரு பைசா செலவில்லை.

சொந்தக் காற்றாலை உள்ள ஆலைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் காற்றுப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அது முடிந்ததும் பில்லில் கழிக்கும் யூனிட் சட்டென்று குறையும், தொகை ஏறும். ஆலைக்குள் எந்தக் கோளாறும் இருக்காது. ஒப்பிடுவதாக இருந்தால் போன மாதத்தோடு வேண்டாம், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

“கிலோவுக்கு யூனிட் கூடிவிட்டது”

யு.கே.ஜி. (ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட்) கூடினால் உடனே மெயின்டெனன்ஸ் ஆட்களைக் கேள்வி கேட்பது வழக்கம். அதற்கு முன் இரண்டு சரிபார்ப்பு.

முதலாவது, கவுண்ட் (நூலின் மென்மை எண், கூடினால் நூல் மெல்லியது) மாறியதா? 40-லிருந்து 60-க்குப் போனால் கிலோவுக்கு யூனிட் கூடத்தான் செய்யும். எல்லா உற்பத்தியையும் 40-ஆம் கவுண்டுக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, உற்பத்தி குறைந்ததா? 12 மாதத்தின் உற்பத்தியைக் கிடையிலும் யூனிட்டை நெடுக்கிலும் வைத்துப் புள்ளிகள் போட்டு, நடுவே ஒரு கோடு இழுங்கள். உற்பத்தி பூஜ்யத்தில் அந்தக் கோடு எந்த யூனிட்டைத் தொடுகிறதோ, அதுதான் ஆலையின் நிலையான செலவு: டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு, விளக்கு, ஏர் கசிவு, லோடு பார்க்காமல் ஓடும் ஃபேன். உதாரணமாக நிலையான செலவு 1,50,000 யூனிட், அதன் மேல் கிலோவுக்கு 3.5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,00,000 கிலோ ஓட்டினால் யு.கே.ஜி. 4.0. உற்பத்தி 2,50,000 கிலோவாக இறங்கினால், ஒரு மெஷினும் கெடாமலே அது 4.1 ஆகும். புள்ளி கோட்டின் மேலேயே விழுந்தால் கோளாறு இல்லை. கோட்டை விட்டு மேலே போனால்தான் தேட வேண்டும்.

ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ ஆலை நிற்கும்போது இதைச் சோதித்தும் பார்க்கலாம். எல்லா மெஷினும் நின்ற பின் மெயின் மீட்டரில் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு ரீடிங் எடுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் ஃபீடர் ஃபீடராக அணைத்து, எதில் விழுகிறது என்று பாருங்கள். வருடத்தில் அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு, தவறவிடாதீர்கள்.

“மேக்ஸிமம் டிமாண்ட் தாண்டிவிட்டது”

பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணம் இல்லை. மீட்டர் பதிவது நொடிப்பொழுதின் உச்சத்தை அல்ல, அதில் அமைத்திருப்பதற்கேற்ப 15 அல்லது 30 நிமிடச் சராசரியை. ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது 10 விநாடி 200 கே.வி.ஏ. கூடுதலாக இழுத்தாலும், 15 நிமிடச் சராசரியில் அது ஏறக்குறைய 2 கே.வி.ஏ.தான்.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க, உச்சம் பதிவான தேதியையும் நேரத்தையும் மீட்டரில் எடுத்து, அந்த நேரத்துப் பவர் ஃபேக்டரைப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு, பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேனல் ஆட்டோவுக்குத் திரும்பாமல் நின்றிருந்தால், அதே கிலோவாட்டுக்குக் கே.வி.ஏ. எகிறும். 900 கிலோவாட் லோடு 0.99 பவர் ஃபேக்டரில் 909 கே.வி.ஏ., 0.88-இல் 1,023 கே.வி.ஏ. ஒரே ஒரு கால் மணி நேரம் போதும், அந்த மாதம் முழுவதற்கும் கட்ட வேண்டியதாகிவிடும். பவர் ஃபேக்டர் சரியாக இருந்தால், கரண்ட் வந்ததும் ஸ்டேண்ட்பை கம்ப்ரசரையும் சேர்த்து ஓட்டினார்களா, ஹியூமிடிஃபிகேஷன் (காற்றுக்கு ஈரப்பதம் ஏற்றும்) பிளான்ட்டின் எல்லா ஃபேனும் பம்பும் ஒன்றாக ஓடினவா என்று லாக் புத்தகத்தில் பாருங்கள். மீண்டும் ஓட்டும் வரிசையை எழுதி பேனல் மேல் ஒட்டுங்கள்: முதலில் கெப்பாசிட்டர் பேனல் ஆட்டோவில் இருக்கிறதா என்ற சோதனை, பிறகு ஒரு கம்ப்ரசர், பிறகு டிபார்ட்மென்ட் ஒவ்வொன்றாக.

“கெப்பாசிட்டர் நிறைய இருக்கு, பவர் ஃபேக்டர் ஏறவில்லை”

மாதச் சராசரி 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம். பேனலில் 300 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டரின் அளவு) என்று எழுதியிருப்பதால் 300 இருப்பதாக அர்த்தமில்லை. ஒவ்வொரு ஸ்டெப்பையும் மேனுவலில் போட்டு மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பாருங்கள். 440 வோல்ட், 25 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 31 ஆம்பியர் எடுக்க வேண்டும்.

ஒரு ஃபேஸில் பூஜ்யம் என்றால் ஃப்யூஸ் போயிருக்கிறது, அல்லது கான்டாக்டர் முனை தேய்ந்திருக்கிறது. மூன்றிலும் 24, 25 என்று காட்டினால் கெப்பாசிட்டர் வலுவிழந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். மூன்றிலும் 40-ஐத் தாண்டினால் கவனம்: அது ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்து வரும் கரண்ட்). ரிங் பிரேம்களுக்கு (நூலை முறுக்கிப் பாபினில் சுற்றும் மெஷின்கள்) இன்வெர்ட்டர் டிரைவ், அதாவது வி.எஃப்.டி., வந்த பிறகு இது சாதாரணமாகிவிட்டது. 5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கே.வி.ஏ. கெப்பாசிட்டர் 400 கே.வி.ஏ.ஆர். இருந்தால், அதை அந்த 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 7. ஏழாவது ஹார்மோனிக்கோடு நேராக ஒத்ததிரும் என்று பொருள். கெப்பாசிட்டர் உப்பும், வெடிக்கவும் செய்யும். இந்த இடத்தில் இன்னும் கெப்பாசிட்டர் சேர்ப்பது தீர்வே அல்ல. 7 சதவீத ரியாக்டரோடு (ஹார்மோனிக்ஸைத் தடுக்கும் காயில்), அதற்கேற்ற உயர் வோல்ட்டேஜ் ரேட்டிங் உள்ள கெப்பாசிட்டர் போட வேண்டும்.

அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். 5 நிமிடம் பொறுத்து, டிஸ்சார்ஜ் ராடால் தொட்டு எடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். பவர் ஃபேக்டரை உயர்த்தினால் கே.வி.ஏ. குறையும், அபராதம் போகும், கேபிள் சூடு கொஞ்சம் குறையும். மோட்டார் இழுக்கும் யூனிட் குறையாது. 20 சதவீதம் யூனிட் மிச்சம் என்று விற்கப்படும் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான்.

“கம்ப்ரசர் ஓயாமல் லோடிலேயே ஓடுகிறது”

ஆலையில் குறைந்த செலவில் அதிகம் மிச்சமாகும் இடம் இதுதான். ஆகவே இங்கே நேரம் கொடுங்கள்.

முதலில் கசிவை அளவிடுங்கள். எல்லா மெஷினும் நிற்க வேண்டும், ஆனால் மெஷின்களின் ஏர் வால்வு திறந்தே இருக்க வேண்டும். வால்வை மூடினால் மெஷினுக்குள் இருக்கும் கசிவு கணக்கில் வராது, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, எத்தனை விநாடி லோடு (காற்றை அழுத்தும் நேரம்), எத்தனை விநாடி அன்லோடு (சும்மா சுற்றும் நேரம்) என்று ஐந்தாறு சுற்றுகள் குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம். 300 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) கம்ப்ரசர் 40 விநாடி லோடு, 80 விநாடி அன்லோடு என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 சி.எஃப்.எம். கசிகிறது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நன்கு பராமரிக்கும் ஆலை.

கம்ப்ரசர் வி.எஃப்.டி. உள்ளதாக இருந்தால் இந்த முறை பயன்படாது, அது அன்லோடுக்கே போகாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு டேங்க் முறை: 7 பார் வரை நிரப்பி, கம்ப்ரசரை நிறுத்தி, 6 பாருக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். டேங்க் 2 கன மீட்டர், பைப்லைன் அரை கன மீட்டர், 60 விநாடியில் இறங்கியது என்றால் நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், ஏறக்குறைய 87 சி.எஃப்.எம். பைப்லைன் கொள்ளளவை விட்டுவிட்டால் கசிவு குறைவாகத் தெரியும்.

அடுத்து, எங்கே கசிகிறது? நூற்பாலையில் மெயின் பைப்பைவிடக் கடைசி இரண்டு மீட்டரில்தான் அதிகம். ஆட்டோகோனரில் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) அறுந்த நூலை ஒட்டும் ஸ்ப்ளைசருக்குப் போகும் லைன், ரிங் பிரேமின் உருளைகளை அழுத்தும் டாப் ஆர்முக்குப் போகும் பி.யூ. (பிளாஸ்டிக்) டியூப் செருகும் புஷ் ஃபிட்டிங், ஃபில்டர் ரெகுலேட்டரின் கிண்ணம், ஆட்டோ டிரெயின் வால்வு. டிரெயின் வால்வில் துருவோ பஞ்சோ சிக்கித் திறந்தே நின்றால் ராத்திரி பகலாகக் காற்று போகும். மெஷின் ஓடும் இரைச்சலில் 1 மி.மீ. ஓட்டைச் சத்தம் காதில் விழாது. அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் ஓடும்போதே பிடிக்கலாம், இல்லையென்றால் நின்ற நேரத்தில் சோப்புத் தண்ணீர். கண்டுபிடித்த இடத்தில் நம்பர் போட்ட டேக் கட்டுங்கள். சரிசெய்த பிறகே டேக்கைக் கழற்ற வேண்டும். 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே 3 கிலோவாட்டுக்கு மேல் தின்னும்.

கசிவை அடைத்தும் யூனிட் எதிர்பார்த்த அளவு குறையவில்லையா? 100 சி.எஃப்.எம். காற்றுக்குச் சுமார் 17 கிலோவாட் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் 50 கிலோவாட் எடுக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசர் அன்லோடில் ஓடும்போதும் 15 கிலோவாட் எடுக்கும். ஆகவே உண்மையில் மிச்சமாவது 12 கிலோவாட்டுக்குள்தான். வருடம் 8,400 மணி நேரத்துக்கு அதுவே ஒரு லட்சம் யூனிட்டை நெருங்கும். இரண்டு கம்ப்ரசர் ஓடும் ஆலையில் ஒன்றை நிரந்தர லோடிலும் வி.எஃப்.டி. உள்ளதை ஏற்ற இறக்கத்துக்கும் விட்டால் மீதியும் கிடைக்கும். இரண்டும் பாதி லோடு, பாதி அன்லோடு என்று ஆடிக்கொண்டிருந்தால் இரண்டின் பிரஷர் செட்டிங்கும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கசிவு முடிந்த பிறகே பிரஷரைத் தொடுங்கள். 1 பார் குறைத்தால் கம்ப்ரசர் யூனிட் 6 முதல் 7 சதவீதம் குறையும். ஆனால் 0.2 பார் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் ஆட்டோகோனரின் ஸ்ப்ளைஸ் பலத்தைப் பாருங்கள். ஸ்ப்ளைஸ் நழுவினால் மிச்சம் செய்த கரண்ட்டைவிட நூலில் நஷ்டம் அதிகம். குறைக்கவே முடியவில்லை என்றால் டேங்கிலும் மெஷின் நுழைவாயிலிலும் ஒரே நேரத்தில் பிரஷர் பாருங்கள். வித்தியாசம் அரை பாருக்கு மேல் இருந்தால் ஃபில்டர் எலிமென்ட் அடைப்பு, டிரையர் அடைப்பு, அல்லது மெஷின்கள் கூடியும் பழைய அளவிலேயே இருக்கும் பைப்.

ஷிஃப்ட் முடிவில் ஏர் கன்னால் மெஷினைத் துடைப்பது இன்னொரு பெரிய செலவு. அதற்கு 7 பார் தேவையில்லை. தனி ரெகுலேட்டர் வைத்து 2 பாராகக் குறைத்து, கன் முனையில் நாசில் போடுங்கள். வெறும் ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஊதுவதை அனுமதிக்கவே கூடாது, ஆளுக்கும் ஆபத்து.

“ஒரே கவுண்ட், ஒரே வேகம், ஒரு ரிங் பிரேம் மட்டும் அதிகம் எடுக்கிறது”

ஆலையின் மொத்த யூனிட்டில் பாதி அளவுக்கு ரிங் பிரேமே போவதால் இந்த ஒப்பீடு அவசியம். ஆனால் டெஸ்டரை வைத்து ஒரு நொடி ரீடிங் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாபின் நிறைய நிறைய கிலோவாட் ஏறும். ஒன்று ஆரம்பத்திலும் மற்றொன்று டாஃப் ஆகும் (நிறைந்த பாபினைக் கழற்றும்) நேரத்திலும் இருந்தால் வித்தியாசம் பொய். முழு டாஃபுக்கும் எனர்ஜி மீட்டர் மாட்டி, கிடைத்த நூல் எடையால் வகுக்க வேண்டும்.

உண்மையிலேயே கூடுதல் என்றால் வரிசையாக: ஸ்பிண்டில் டேப் அளவுக்கு மீறி இறுக்கமா, டென்ஷன் புல்லி பேரிங் சுற்றுகிறதா அல்லது கடிக்கிறதா, ஸ்பிண்டில் ஆயில் எப்போது மாற்றியது, ஒழுங்கான கிரேடா. கெட்டியான ஆயில் ஊற்றினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டிலும் சேர்ந்து இழுக்கும். அடுத்து, அறுந்த நூலின் பஞ்சை உறிஞ்சும் நியூமாஃபில் ஃபேன். கழிவுப் பெட்டியின் சல்லடை அடைத்தால் கடைசி ஸ்பிண்டில்களில் உறிஞ்சல் குறையும், அதைச் சரிக்கட்ட ஃபேன் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். சல்லடையைச் சுத்தம் செய்துவிட்டு வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்குங்கள். கூட்டியதை இறக்க மறப்பதுதான் எங்கும் நடப்பது.

“எல்லா ஃபேனும் ஓடியும் ஈரப்பதம் வரவில்லை”

ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் தண்ணீர்ப் பக்கத்தை முதலில் பாருங்கள். உப்பு நீர் ஓடும் ஆலைகளில் ஸ்ப்ரே நாசில் அடைப்பதே முதல் காரணம். பம்ப் ஓடும், பிரஷர் கேஜ் வழக்கத்தைவிடக் கூடக் காட்டும், தூவல் விழாது. பிரஷர் கூடியதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து எலிமினேட்டரில் (காற்றோடு வரும் நீர்த்துளியைத் தடுக்கும் தகடுகள்) படிந்த சுண்ணாம்பு, ரிட்டர்ன் ஏர் ஃபில்டரில் சேர்ந்த பஞ்சு. இவை காற்றைத் தடுத்தால் ஆட்கள் இன்னொரு ஃபேனை ஓட்டிவிடுவார்கள்.

மறுபக்கம், ஆடி மாதச் சாரலில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது டாம்பரை (காற்றுப் பாதையின் கதவு) பாதி மூடி ஃபேனை முழு வேகத்தில் விட்டிருப்பார்கள். அங்கேதான் வி.எஃப்.டி.க்கு உண்மையான வேலை. ஃபேன் வேகம் 10 சதவீதம் குறைந்தால் பவர் 27 சதவீதம் குறையும். டாம்பரைத் திறந்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். டாம்பர் வருடம் முழுவதும் ஒரே நிலையில் நிற்கிறது என்றால் வி.எஃப்.டி.யும் வேண்டாம், புல்லி மாற்றினால் போதும்.

“புது ஐ.இ.3 மோட்டார் போட்டும் யூனிட் கூடியிருக்கிறது”

மோட்டார் கம்பெனி ஏமாற்றவில்லை. ஐ.இ. என்பது மோட்டாரின் திறன் வகுப்பு, எண் கூடினால் திறன் கூடும். திறன் கூடிய மோட்டார் சறுக்கல் குறைவாக, சற்று வேகமாக ஓடும். பலமுறை ரீவைண்ட் செய்த பழையது நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடியிருக்கும், புதியது 1,470-இல் ஓடும். வேகம் 2 சதவீதம்தான் கூடியது, ஃபேன் இழுக்கும் பவரோ 6 சதவீதத்துக்கு மேல் கூடும். 15 கிலோவாட் மோட்டார் ஐ.இ.2-லிருந்து ஐ.இ.3-க்குப் போகும்போது திறன் 90.6-லிருந்து 92.1 சதவீதம்தான் ஆகிறது. லாபத்தைவிட ஏற்றம் பெரிது. மோட்டார் பக்கத்துப் புல்லியை 200 மி.மீ.-லிருந்து 196 ஆக்குங்கள், பழைய காற்றளவே கிடைக்கும், லாபமும் கைக்கு வரும். மாற்றுவதற்கு முன் ஃபேன் வேகத்தை அளந்து எழுதி வைத்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

“மோட்டார் சுடுகிறது, லோடு கூடவில்லை”

மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜையும் மோட்டார் டெர்மினலில் அளக்கவும். 415, 408, 402 என்று இருந்தால் சராசரி 408.3, அதிகபட்ச விலகல் 6.7, சமனின்மை 1.6 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் கரண்ட்டில் அது 6 முதல் 10 மடங்காகப் பெருகும். ஒரே ஃபேஸில் விளக்கு லோடெல்லாம் சேர்ந்திருப்பது, ஒரு ஃபேஸ் ஃப்யூஸ் போன கெப்பாசிட்டர், கருகிய லக், இவைதான் காரணம். டெர்மினலில் மட்டும் சமனில்லை, மெயின் பேனலில் சரி என்றால் இடையில் உள்ள ஜாயின்டைத் தேடுங்கள்.

வோல்ட்டேஜ் சமமாக இருந்தும் சுட்டால் ரீவைண்டிங் வரலாற்றைக் கேளுங்கள். பழைய காயிலை எடுக்கத் தீயில் போட்டுச் சுட்டிருந்தால் கோர் தகடுகளின் இன்சுலேஷன் எரிந்திருக்கும். ரீவைண்ட் ஆகி வரும் ஒவ்வொரு மோட்டாரையும் லோடு இல்லாமல் ஓட்டி கிலோவாட் குறித்து வையுங்கள். முந்தைய அளவைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அதை 24 மணி நேரம் ஓடும் இடத்தில் மாட்ட வேண்டாம்.

“சப் மீட்டர்களைக் கூட்டினால் இ.பி. மீட்டரோடு சேரவில்லை”

ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் போனால், மீட்டருக்காகக் கரண்ட்டைக் குறைத்துத் தரும் சி.டி.யைச் சந்தேகியுங்கள். மூன்றில் ஒரு சி.டி. திருப்பி மாட்டப்பட்டிருந்தால், சமமான லோடில் மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். மீட்டரில் ஃபேஸ் வாரியாக கிலோவாட் திரையைப் பார்த்தால் ஒன்று மைனஸில் நிற்கும். 200-க்கு 5 சி.டி. மாட்டிவிட்டு மீட்டரில் 100-க்கு 5 என்று அமைத்திருந்தால் சரியாகப் பாதி காட்டும். திருத்தப் போகும்போது லைனில் லோடு இருக்கையில் சி.டி.யின் செகண்டரி ஒயரைக் கழற்றக் கூடாது, உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் வரும். ஃபீடரை அணைத்து, லாக் போட்டு, பிறகு இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டுங்கள். திருத்திய தேதியை மீட்டர் புத்தகத்தில் எழுதுங்கள், அதற்கு முந்தைய ரீடிங்குகளை இனி ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது.